ஆட்சி முட்டி நிற்கும் நாளைப் பாருங்கள்: நாடுகளின் அரசியல் அமைப்பை ஒப்பிடும் முறை

"அதிபர் ஆட்சிமுறை சிறந்ததா, நாடாளுமன்ற ஆட்சிமுறை சிறந்ததா?" இப்படித் தொடங்கும் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தியே என் சிவப்பு மை தீர்கிறது. அரசியல் அறிவியல் பாடம் எடுப்பவள் நான். ஒப்பீட்டுக் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் முதல் பாதியில் ஒரு நாட்டை விவரிப்பார்கள், அடுத்த பாதியில் இன்னொரு நாட்டை விவரிப்பார்கள், கடைசியில் "இரண்டிலும் நிறைகளும் குறைகளும் உள்ளன" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இது ஒப்பீடு இல்லை. இரண்டு விவரணைகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் சொல்லித்தரும் வழி வேறு. நாட்டை எடுக்காதீர்கள், ஒரு சிக்கலை எடுங்கள். அந்தச் சிக்கல் வந்த நாளில் ஒவ்வொரு நாட்டிலும் யார் என்ன செய்ய முடிந்தது என்று துரத்திப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் எல்லா அரசும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும்: ஒரு தலைவர் உரையாற்றுவார், ஒரு அவை கைதட்டும், ஒரு கோப்பு நகரும். வண்டவாளம் தெரிவது முட்டி நிற்கும் நாளில்தான்.

உதாரணமாக, அரசு கொண்டுவந்த பட்ஜெட் நிறைவேறவில்லை. அப்புறம் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வியோடு ஐந்து நாடுகளைச் சுற்றி வருவோம்.

அமெரிக்காவில் அரசு அலுவலகங்கள் மூடப்படும். 2018 டிசம்பர் 22 தொடங்கி 35 நாள் அப்படி நடந்தது. சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. 2025-ல் அதையும் தாண்டி 43 நாள். ஆனால் அதிபர் பதவி ஆடவில்லை, காங்கிரஸும் கலையவில்லை. இருவருக்கும் பதவிக்காலம் நிலையானது. பட்ஜெட் சண்டைக்காக ஒருவரை ஒருவர் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால் யாராவது சளைக்கும் வரை இழுபறி தொடரும். இன்னொன்றும் கவனியுங்கள்: இந்த மூடல் அரசமைப்புச் சட்டத்தில் எங்குமே இல்லை. 1884-லிருந்து இருக்கும் ஒரு செலவினச் சட்டத்தை, அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி 1980-ல் கறாராக விளக்கினார்: ஒதுக்கீடு இல்லையென்றால் மூடத்தான் வேண்டும் என்று. அதற்கு முன்பெல்லாம் ஒதுக்கீடு தாமதமானாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன.

இந்தியாவில் மக்களவையில் பட்ஜெட் தோற்றால் அரசே தோற்றது என்று பொருள். பிரதமர் பதவி விலக வேண்டியதுதான். மாநிலங்களவை எதிர்த்தால்? ஒன்றும் ஆகாது. பண மசோதாவை 14 நாள் வைத்திருக்கலாம், அதற்கு மேல் அதன் கையில் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கதை வேறு. அங்கே மேலவையான செனட்டுக்கும் பணத்தை நிறுத்தும் அதிகாரம் உண்டு. 1975-ல் செனட் ஒதுக்கீட்டை நிறுத்திவைத்தது. கீழவையில் பெரும்பான்மை இருந்தும் பிரதமர் கௌ விட்லமை, பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர் நவம்பர் 11-ம் தேதி பதவிநீக்கம் செய்தார். இரண்டு நாடுகளும் பிரிட்டிஷ் வழியில் வந்த நாடாளுமன்ற ஆட்சிகள்தான். பாடநூல் அட்டவணையில் இரண்டும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கும்.

பிரான்ஸில் அரசமைப்பின் 49-வது பிரிவின் 3-வது உட்பிரிவைப் பயன்படுத்தி, வாக்கெடுப்பே இல்லாமல் பட்ஜெட்டை நிறைவேற்றலாம். எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து ஜெயித்தால் மட்டுமே அது நிற்கும். 2024 டிசம்பர் 4-ல் அப்படித்தான், சமூகப் பாதுகாப்புக்கான பட்ஜெட்டில், பிரதமர் மிஷெல் பார்னியேயின் அரசு 331 வாக்குகளில் கவிழ்ந்தது. 1962-க்குப் பிறகு அங்கே அப்படிக் கவிழ்ந்த முதல் அரசு அது. அதிபர் மக்ரோன் மட்டும் அசையாமல் இருந்தார். கடைசியாக ஸ்பெயின். அங்கே பட்ஜெட் நிறைவேறாவிட்டால் பழைய பட்ஜெட் தானாகவே நீளும் என்று அரசமைப்பின் 134-வது பிரிவு சொல்கிறது. 2023-க்குப் போட்ட பட்ஜெட்டிலேயே 2024-ம் 2025-ம் ஓடின. கதவு மூடவில்லை, ஆட்சி கவிழவில்லை, யாரும் பதறவும் இல்லை.

சரி, இந்த ஒரு கேள்வியிலேயே எத்தனை கிடைத்தது பாருங்கள்: பதவிக்காலம், மேலவையின் பலம், எழுதாத மரபு, அதிபர் பிரதமர் பங்கீடு. "நிறைகுறைகள்" என்ற சொல் ஒரு முறைகூடத் தேவைப்படவில்லை.

யார் யாரை வீட்டுக்கு அனுப்பலாம்?

அடுத்த வேலை, பதவியின் பெயரை மறப்பது. 'அதிபர்' என்று இருந்தால் அதிகாரம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தேசிய அவை தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறது, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு இறக்கவும் முடியும். பெயர்ப்பலகையில் அதிபர், வேலை ஏறக்குறைய பிரதமருடையது. நேர்மாறாக அயர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் அதிபரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் அன்றாட ஆட்சி அயர்லாந்தில் பிரதமர் கையிலும், ஆஸ்திரியாவில் பிரதமருக்கு இணையான சான்சலர் கையிலும் இருக்கிறது.

ஆகவே ஒரு தாளில் மூன்று பத்திகள் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இவரை நியமிப்பது யார், நீக்கக்கூடியது யார், நீக்கிய மறுநாள் என்ன நடக்கும். மூன்றாவது பத்தியை என் மாணவர்கள் வெறுமையாக விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

1999 ஏப்ரல் 17-ம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களவையில் வாஜ்பாய் அரசுக்கு ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. ஆனால் கவிழ்த்தவர்களால் மாற்று அரசு அமைக்க முடியவில்லை. மக்களவை கலைந்தது, வாஜ்பாய் காபந்துப் பிரதமராகத் தொடர்ந்தார். மே மாதம் கார்கில் போர் வந்தது. போர் முடியும் வரை நாட்டை நடத்தியது பெரும்பான்மை இழந்திருந்த அந்தக் காபந்து அரசுதான். இந்திய விதியில் 'வேண்டாம்' என்று சொல்ல 270 பேர் போதும். 'யார் வேண்டும்' என்று அவர்கள் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

ஜெர்மனி இந்த இடத்தில்தான் பூட்டுப் போட்டது. 1949 அடிப்படைச் சட்டத்தின் 67-வது பிரிவுப்படி, புதிய சான்சலர் ஒருவரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் பழையவரை இறக்க முடியும். ஹிட்லருக்கு முன் ஜெர்மனியில் இருந்த வைமர் குடியரசில் நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் கவிழ்ப்பதற்கு மட்டும் கைகோத்ததைப் பார்த்தவர்கள் எழுதிய விதி இது. 1972-ல் சான்சலர் வில்லி பிராண்டை இறக்க நடந்த முயற்சிக்கு 249 வாக்குகள் தேவைப்பட்டன, கிடைத்தது 247. 1982 அக்டோபர் 1-ல் ஹெல்முட் ஷ்மிட்டுக்குப் பதில் ஹெல்முட் கோல் வந்தது மட்டுமே மத்திய அரசில் இந்த வழியில் வெற்றி பெற்ற மாற்றம். ஸ்பெயின் இதே விதியை எடுத்துக்கொண்டது. 2018 ஜூன் 1-ல் பிரதமர் ரஹாய் இறங்கியதும் சான்செஸ் பிரதமர் ஆனதும் ஒரே வாக்கெடுப்பில் முடிந்தன.

இதைப் படித்துவிட்டு "ஜெர்மன் முறைதான் சிறந்தது" என்று எழுதி வருவார்கள். பொறுங்கள். 2024 டிசம்பர் 16-ல் ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். அவருடைய கூட்டணி நவம்பரிலேயே உடைந்துவிட்டது. பழையவரை இறக்க மாற்று ஆள் தேவை என்ற விதி, கூட்டணி உடைவதைத் தடுக்காது. சந்தர்ப்பவாதக் கவிழ்ப்பை மட்டும்தான் தடுக்கும். ஒரு விதி எதற்காகப் போடப்பட்டதோ, அதை வைத்தே எடை போடுங்கள்.

கொறடாவை மறக்காதீர்கள்

அமைப்பு வரைபடத்தில் தெரியாத ஒன்று உண்டு: ஒரு சாதாரண எம்.பி. தன் கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டால் அவருக்கு என்ன ஆகும்? பிரிட்டனில் 2019 ஜனவரி 15-ல் பிரதமர் தெரசா மேயின் பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும்) ஒப்பந்தம் 202-க்கு 432 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 118 பேர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். மறுநாள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது அதே ஆட்கள் அவர் பக்கம் நின்றார்கள். 325-க்கு 306 என்று அரசு தப்பித்தது. கொள்கையில் எதிர்ப்பு, ஆட்சிக்கு ஆதரவு, யாருக்கும் பதவி போகவில்லை.

இந்தியாவில் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே பறிபோகலாம். ஒரே வெஸ்ட்மின்ஸ்டர் முறை (பிரிட்டிஷ் பாணி நாடாளுமன்ற ஆட்சி), ஒரே மாதிரி சபாநாயகர், ஒரே மாதிரி கேள்வி நேரம். ஆனால் ஒன்றில் எம்.பி. அரசைத் தடுக்க முடிகிறது, மற்றதில் கட்சித் தலைமையைத் தாண்டி அவர் பெயருக்குத்தான் இருக்கிறார். (கட்சித்தாவலைத் தடுக்க வந்த சட்டம் கருத்து வேறுபாட்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டது என்பது என் அபிப்பிராயம். ஒரே கூட்டத்தொடரில் மூன்று கட்சி மாறியவர்களைப் பார்த்த தலைமுறை இதை ஒப்புக்கொள்ளாது, அதிலும் நியாயம் இருக்கிறது.)

எம்.பி. என்ற ஒரே பெயர் ஏமாற்றும் இன்னொரு இடம், ஒருவருக்கு எத்தனை மக்கள் என்பது. இந்தியாவில் சராசரியாக ஒரு மக்களவை உறுப்பினருக்குச் சுமார் 26 லட்சம் மக்கள். நியூசிலாந்தில் சுமார் 43 ஆயிரம். எம்.பி. மக்களை நேரில் சந்திப்பதைப் பற்றி இரண்டு நாட்டையும் ஒப்பிட்டு எழுதும்முன் இந்த வகுத்தலைச் செய்துவிடுங்கள்.

ஓட்டு எப்படி இடமாகிறது

இதற்குக் கால்குலேட்டர் வேண்டும். கட்சி பெற்ற இடங்களின் சதவீதத்தை அதன் ஓட்டுச் சதவீதத்தால் வகுங்கள். விடை 1 என்றால் ஓட்டுக்கு ஏற்ற பங்கு. கூடினால் லாபம், குறைந்தால் நஷ்டம்.

2024-ல் பிரிட்டனில் தொழிற்கட்சி வாங்கியது 33.7 சதவீத ஓட்டு. இடங்கள் 650-ல் 411, அதாவது 63.2 சதவீதம். வகுத்தால் 1.88. அதே தேர்தலில் ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீத ஓட்டு, வெறும் 5 இடம், விடை 0.05. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு 40.2 சதவீத ஓட்டு, 400-ல் 159 இடம். விடை கிட்டத்தட்ட 1. ஒரு நாட்டில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டோடு தனியாட்சி, இன்னொரு நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு வாங்கியும் கூட்டணிக்கு அலைய வேண்டிய நிலை. வாக்காளரின் மனநிலை பற்றி ஒரு வார்த்தை பேசும்முன் இந்த விதி வித்தியாசத்தைக் கழித்துவிட வேண்டும்.

ஓட்டு எங்கே குவிந்திருக்கிறது என்பதும் கணக்கில் வரும். 2014 மக்களவைத் தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சிக்கு நாடு முழுக்க 4.2 சதவீதம், ஒரு இடமும் இல்லை. அண்ணா திமுகவுக்கு 3.3 சதவீதம்தான், 37 இடம். முதல் கட்சியின் ஓட்டு பரந்து கிடந்தது, இரண்டாவதின் ஓட்டு ஒரே மாநிலத்தில் திரண்டிருந்தது. "தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்ற முறை சிறு கட்சிகளுக்கு எதிரானது" என்று பாடநூலில் இருக்கும். 'பரவிக் கிடக்கும் சிறு கட்சிகளுக்கு' என்று பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.

மத்திய மாநில உறவைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'கூட்டாட்சி' என்று நாடு தன்னை அழைத்துக்கொள்கிறதா என்பது இங்கே உதவாது. ஒரு மாநிலத்தின் எல்லையை அதன் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அமெரிக்காவில் அந்த மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். இந்தியாவில் அரசமைப்பின் 3-வது பிரிவுப்படி கருத்துக் கேட்டால் போதும். 2014 ஜனவரியில் ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் மசோதாவை நிராகரித்தது, ஜூன் 2-ல் தெலங்கானா பிறந்தது. இரண்டாவது கேள்வி, வரியை வசூலிப்பது யார்? கூட்டாட்சி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத ஸ்பெயினில் பாஸ்க் பகுதி தன் வரிகளைத் தானே வசூலித்து, மாட்ரிட்டுக்கு ஒரு பங்கை அனுப்புகிறது. நீதிமன்றத்துக்கும் இப்படி ஒரே கேள்வி போதும்: நாடாளுமன்றச் சட்டம் அரசமைப்புக்கு முரண், செல்லாது என்று அது சொல்ல முடியுமா? நெதர்லாந்தில் முடியாது, அரசமைப்பின் 120-வது பிரிவே தடுக்கிறது. நீதித்துறை ஆய்வு இல்லாவிட்டால் ஜனநாயகமே இல்லை என்று அடித்துப் பேசுபவர்களிடம் இந்த ஒரு வரியைக் காட்டுவேன்.

ஏட்டுச் சுரைக்காய்

இதுவரை சொன்னவை சட்டம் ஓரளவுக்காவது நடைமுறையாக இருக்கும் நாடுகளுக்குப் பொருந்தும். சோவியத் ஒன்றியத்தின் 1936 அரசமைப்பின் 125-வது பிரிவு பேச்சுரிமைக்கு உத்தரவாதம் தந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில்தான் ஸ்டாலினின் பெரும் களையெடுப்பு. இப்படிப்பட்ட இடங்களில் பதவியை விட்டுவிட்டு ஆளைப் பின்தொடர வேண்டும். ஒருவர் பதவி மாறும்போது அதிகாரம் பதவியோடு தங்குகிறதா, ஆளோடு போகிறதா? ரஷ்யாவில் 2008-ல் புதின் அதிபர் பதவியிலிருந்து பிரதமர் பதவிக்கு வந்தார், மெத்வெதேவ் அதிபரானார். சட்டப்படி அதிபருக்கே அதிக அதிகாரம் இருந்தும் அந்த நான்கு ஆண்டுகளும் எல்லோரும் பிரதமர் அறையைத்தான் பார்த்தார்கள். சீனாவில் டெங் சியோபிங், நாட்டை வழிநடத்திய காலத்தில், அதிபராகவோ, பிரதமராகவோ, கட்சியின் பொதுச் செயலாளராகவோ இருந்ததில்லை. கட்சியின் ராணுவ ஆணையத் தலைமையையும் 1989-ல் விட்டுவிட்டார். 1992-ல் எந்தப் பதவியும் இல்லாமல் தெற்கே ஒரு பயணம் போனார், நாட்டின் பொருளாதாரக் கொள்கை அவர் சொன்ன திசையில் திரும்பியது.

வாக்கெடுப்பின் முடிவும் ஒரு தடயம். 2018 மார்ச்சில் சீன அதிபரின் இரண்டு முறை வரம்பை நீக்கிய திருத்தத்துக்கு ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, நடுநிலை 3. இந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே முடிவு அந்த மண்டபத்தில் எடுக்கப்பட்டதில்லை என்று புரியும்.

உலகத் தரவரிசைகளைப் பற்றிக் கேட்பார்கள். பயன்படுத்துங்கள், ஆனால் எதை அளக்கிறார்கள் என்று முதலில் படியுங்கள். 2021-ல் இந்தியாவை ஃப்ரீடம் ஹவுஸ் 'பகுதிச் சுதந்திரம் உள்ள நாடு' என்றது, சுவீடனின் வி-டெம் நிறுவனம் 'தேர்தல் நடத்தும் எதேச்சாதிகாரம்' என்றது, எக்கானமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 'குறைபாடுள்ள ஜனநாயகம்' என்றது. ஒரே நாடு, ஒரே காலகட்டம், மூன்று பட்டங்கள். இந்திய அரசு இத்தகைய மதிப்பீடுகளை ஏற்கவில்லை. பட்டத்தை விட்டுவிட்டு உட்கூறுகளுக்குப் போங்கள்: தேர்தல் எவ்வளவு, ஊடகம் எவ்வளவு, நீதித்துறை எவ்வளவு என்று தனித்தனி மதிப்பெண் இருக்கும். சண்டை எங்கே என்று அங்கே தெரியும். ட்ரான்ஸ்பேரன்ஸி இன்டர்நேஷனலின் ஊழல் குறியீட்டில் 2012-க்கு முந்தைய மதிப்பெண்ணைப் பிந்தையதோடு சேர்த்துக் கோடு வரையக் கூடாது. கணக்கிடும் முறையே மாறிவிட்டது. ருவாண்டா நாடாளுமன்றத்தின் கீழவையில் பெண்கள் 60 சதவீதத்துக்கும் மேல், உலகிலேயே முதலிடம். அதே நாட்டில் 2024 அதிபர் தேர்தலில் வென்றவருக்குக் கிடைத்தது 99 சதவீத ஓட்டு. இரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுதாத ஒப்பீட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எந்த நாடுகளை எடுப்பது? ஆரம்பத்தில் இரண்டு போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம். மற்ற எல்லாம் ஒத்திருந்து ஒரு விதி மட்டும் வேறாக இருக்கும் ஜோடியைத் தேடுங்கள். அமெரிக்காவையும் சீனாவையும் ஒப்பிட்டால் எதற்கு எது காரணம் என்று சாகும்வரை வாதிடலாம்.

எனக்குப் பிடித்த ஜோடி, ஒரு நாடும் அதே நாட்டின் பழைய வடிவமும். நியூசிலாந்தில் 1981-ல் சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தும் 2 இடம்தான் கிடைத்தது. 1993-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி முறையை மாற்றினார்கள், 1996 முதல் கலப்பு விகிதாசாரம்: தொகுதி உறுப்பினர்களும் உண்டு, மொத்த இடங்கள் கட்சியின் ஓட்டுப் பங்குக்கு ஏற்பவும் அமையும். அதன்பின் ஒரு கட்சி தனியாகப் பெரும்பான்மை பெற 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மக்கள், மொழி, பிரிட்டிஷ் மரபு எதுவும் பெரிதாக மாறவில்லை. மாறியது எண்ணும் விதி.

இலங்கை இதற்கு இன்னும் நல்ல களம். அதிபரின் அதிகாரம் அங்கே ஊஞ்சல் ஆடியிருக்கிறது: 2001-ல் 17-வது திருத்தம் நியமன அதிகாரத்தைக் குறைத்தது, 2010-ல் 18-வது கூட்டியது, 2015-ல் 19-வது குறைத்தது, 2020-ல் 20-வது மறுபடி கூட்டியது, 2022-ல் 21-வது மறுபடி குறைத்தது. ஆகவே குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எந்த ஆண்டின் சட்டம் என்று மேலே எழுதுங்கள். 2018 நவம்பரில் அதிபர் சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை ஆண்டு முடியும்முன் கலைக்கக் கூடாது என்ற 19-வது திருத்தத்தை வைத்து டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அதைச் செல்லாது என்றார்கள். 20-வது திருத்தமோ அந்த நாலரையை இரண்டரை ஆக்கியது. 2018-ல் 20-வது திருத்தம் அமலில் இருந்திருந்தால் அந்த வழக்கு எப்படிப் போயிருக்கும்? 2015 செப்டம்பரில் கூடிய நாடாளுமன்றம் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் வாரம் நான் கொடுக்கும் பயிற்சி இது. ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும், 'நிறைகுறைகள்' கூடாது.